போடிமெட்டு ஏறிய ஜெபராஜின் கியர்பாக்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை ஜெபராஜின் மனைவி மெர்சி போன் செய்தார். "அண்ணே, சாப்பிட உக்காந்தாக. அப்படியே சாஞ்சிட்டாக. கூப்பிட்டா பேச்சில்லண்ணே." நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தட்டில் இட்லி ஆறக்கூட இல்லை. நாற்பத்தாறு வயது. முதல் நாள் சாயங்காலம் பட்டறையில் என்னோடு சிரித்துப் பேசிவிட்டுப் போனவன். இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தேனியில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். பதினான்கு வருடம் நாங்கள் கூட்டாகப் பட்டறை நடத்தினோம்.

ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கார், சரக்கோடு போடிமெட்டு மலைச்சாலை ஏறும்போதெல்லாம் சூடாகிக் கிளட்ச் பிடிப்பில்லாமல் வழுக்கியது. இருமுறை கிளட்ச் தட்டுகளை மாற்றியும் பயனில்லை. அதே கம்பெனியின் பெரிய எஞ்சின் கார் ஒன்று விபத்தில் நொறுங்கிக் கிடந்தது. அதன் கியர்பாக்ஸை வாங்கிவந்து ஜெபராஜ் பிரித்தான். வெளியே இரண்டும் ஒன்றுபோலத்தான். உள்ளே, தட்டுகளை அடுக்கும் டிரம் மட்டும் ஆழம் அதிகம். அதில் ஒரு தட்டு கூடுதலாக அடுக்கலாம்; பிடிப்பும் கூடும். அதை இதில் மாட்டலாம் என்றான்.

"மலையில விட்டுருச்சுன்னா?" என்றேன்.

"அதான் மொதல்ல நான் ஓட்டுறேன். அடுத்தவுக உசுர வச்சுச் சோதிக்கக் கூடாது மாப்ள."

மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தனியாக மூன்று தடவை மேலே போய்வந்தான். அந்தக் கார் இன்றும் மலை ஏறுகிறது.

எல்லாமே இப்படி ஜெயிக்கவில்லை. கம்பத்து டீச்சர் ஒருவரின் காருக்கு, கியர் சட்டென்று மாறட்டும் என்று வேறொரு மாடலின் வால்வ் பாடியை மாட்டினான். எந்தக் கிளட்சுக்கு எவ்வளவு எண்ணெய் அழுத்தம் என்று பிரித்து அனுப்பும் பாகம் அது. கார் நன்றாக ஓடியது. டீச்சர் சந்தோஷமாக இருந்தார். ஒரு வாரம் கழித்து, கழற்றிப்போட்ட பழைய பாகத்தை அளந்து பார்த்தான். ஒரு துவாரத்தின் அளவு புதிதாக மாட்டியதோடு பொருந்தவில்லை; ஒரு கிளட்சுக்கு அழுத்தம் குறைந்து தட்டுகள் கருகிவிடும். உடனே போனை எடுத்தான்.

"டீச்சர், காரை எடுக்காதீக. தப்பு என்னோடது. நான் அங்கன வாரேன்."

"அவுகளுக்குத் தெரியவே தெரியாதேப்பா. நம்ம பேரு கெட்டுப்போகும்" என்றேன்.

"கெட்டா கெடட்டும். பிள்ளைகளக் கூட்டிட்டுப் போற காரு."

திறந்து பார்த்தபோது தட்டுகள் கருகத் தொடங்கியிருந்தன. நான் தலைகுனிந்து நின்றேன்.

அந்தப் போன் பேச்சைத்தான் அவனிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். என் வேலையில் பிழை இருந்தால், கேட்கும் முன்பே நானே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நேற்று ஒருவரை அப்படிக் கூப்பிட்டேன். என் தப்பைச் சொல்லிவிட்டேன். போனை வைத்ததும், "சொல்லிட்டேன்டா" என்று பட்டறையில் அவன் எப்போதும் நிற்கும் பக்கம் திரும்பினேன்.