துட்டிக்குப் போன வண்டிகள்

நான் இதுவரை மூன்று வண்டி ஓட்டியிருக்கிறேன். மூன்றும் ஒரே மாடல். சில வருஷத்துக்கு ஒருமுறை அதையே திருத்தித் திருத்தி வெளியிடுவார்கள், நானும் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பேன். கம்பெனிக்காரன் என்ன பெயர் வைத்தாலும் எங்கள் பக்கம் அதற்குக் குட்டி யானை என்றுதான் பெயர். மேலகரத்தில் என் வீட்டு முன்னால் நிற்கிற மூன்றாவதைப் பார்த்து எதிர்க்கடை அண்ணாச்சி, "இது இன்னுமா குட்டி? வளந்துட்டுல்லா!" என்பார். வளர்ந்துதான் விட்டது. அந்த வளர்ச்சியைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் என் மதினி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவளை விட்டுவிட்டு இந்த வண்டிகளைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

முதல் வண்டிக்கு உருண்டை விளக்கு, தகர முகம். இரண்டே சிலிண்டர். ஸ்டார்ட் செய்தால் தெருக்கோடி வரை கேட்கும். உள்ளே என்னைப் போல ஒரு ஆள் உட்கார்ந்தால் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். சீசன் சாரலில் கண்ணாடி புகைமூட்டமாகிவிடும். ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் துண்டு. வடகரையிலிருந்து தேங்காய், குற்றாலத்திலிருந்து மங்குஸ்தான் கூடை, வாழைத்தார், செங்கல், எதை ஏற்றினாலும் முனகிக்கொண்டே இழுத்துவிடும். அதன் பெரிய குணம் என்னவென்றால், தாழ்வாக இருந்தது. பின்கதவை இறக்கினால் லோடு தட்டு என் தொடை உயரம்தான். எழுபது வயதுப் பெண்கூட அதில் உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே போட்டுக்கொள்வாள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சாவு வீட்டுக்குப் போவதை எங்கள் பக்கம் துட்டிக்குப் போவது என்போம். துட்டிக்கு ஒரு பெண் தனியாகப் போகமாட்டாள். தெருவில் ஒரு வீட்டுக்குச் சேதி வந்தால் அந்த வீட்டுப் பெண்ணோடு பத்துப் பேர் கிளம்புவார்கள். துட்டி வீட்டுத் தெருமுனையில் இறங்கி, தலையை அவிழ்த்துவிட்டு, ஒன்றாக அழுதுகொண்டுதான் போவார்கள். தனியாகப் போய் இறங்குகிறவளை அந்த ஊர் பார்க்கிற பார்வையே வேறு. கேட்க நாதியில்லை, பின்னால் நிற்க ஆளில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவுக்கு என் வண்டிதான் துட்டி வண்டி. தார்ப்பாயை விரித்து அதன்மேல் கோரம்பாய் போட்டுவிடுவேன். சுரண்டை, கடையம், ஆலங்குளம், எங்கே என்றாலும் போவோம்.

போகிற வழியெல்லாம் பேச்சும் கேலியுமாகத்தான் இருக்கும். ஊர் நெருங்க நெருங்கக் குரல் இறங்கும். ஒருத்தி கொண்டையை அவிழ்ப்பாள், மற்றவர்களும் அவிழ்ப்பார்கள். நான் அவசரப்பட்டு வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்விட்டால், "ஏலே, மெதுவாப் போலே, இன்னும் அழுக வரல" என்று அதட்டுவார்கள். திரும்பி வரும்போது ஏதாவது ஒரு ஜங்ஷனில் டீ குடித்துவிட்டு, யார் உண்மையாக அழுதாள், யார் சும்மா சத்தம் போட்டாள் என்று பஞ்சாயத்து நடக்கும்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. பக்கத்து வீட்டில் இருக்கிறாள். லோடு தட்டில் அவளுக்கென்று ஒரு இடம் உண்டு. கேபினில் முதுகைச் சாய்த்து, முதல் ஆளாக உட்காருவாள். ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாகப் போ, இரண்டு தட்டினால் நிறுத்து. அவள் தட்டுவது தகரத்தின் வழியாக என் முதுகிலேயே விழும்.

அவளுக்கு ஒரே தம்பி. ஆலங்குளம் தாண்டி ஒரு கிராமத்தில் விவசாயம். எனக்கு மச்சான் முறை. சீசனுக்கு ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நேரே அக்கா வீட்டுக்குத்தான் வருவார். தலையைத் துவட்டாமல் சாப்பிட உட்காருவார். அவள் பின்னால் நின்று திட்டிக்கொண்டே துவட்டிவிடுவாள். நாற்பது வயதுக்காரருக்குத் துவட்டிவிடுகிறாளே என்று நான் கிண்டல் செய்தால், "ஒமக்கு அக்கா இல்லைல்லா, அந்த வயித்தெரிச்சல்" என்பார் மச்சான். உண்மைதான், எனக்கு அக்கா இல்லை.

இரண்டாவது வண்டியில் முகம் மாறியது. விளக்கு நீளமானது. சக்கரம் பெரிதானது, கேபினில் பாட்டுப் பெட்டி வந்தது. லோடு தட்டு நாலு விரற்கடை உயர்ந்துவிட்டது. நாலு விரற்கடை என்பது செங்கல்லுக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் வலிக்காரிக்கு அது பெரிய சங்கதி. "இத செஞ்சவன் எங்க காலப் பாத்தா செஞ்சான்?" என்று கேட்டார்கள். ஒரு ஸ்டூலை வண்டியிலேயே போட்டு வைத்தேன்.

அந்த வண்டியில்தான் மாட்டினேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியாதது இல்லை. முதல் தடவை பிடித்தபோது, அவிழ்ந்த தலைகளைப் பார்த்து, துட்டி என்று புரிந்து விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை விடவில்லை. லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். சட்டத்தில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வண்டி கவிழ்ந்திருந்தால் பதினொரு பெண்களுக்கு நான்தானே பதில் சொல்லியிருக்க வேண்டும்? மூன்று மாதமும் வண்டி வாசலில் நின்றது, நான் உள்ளே நின்றேன். அதற்குமேல் என் மனைவி பொறுக்கவில்லை. மகள் தலையில் கையை வைக்கச் சொன்னாள். இனிமேல் பின்னால் ஒரு ஆளைக்கூட ஏற்றமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

மூன்றாவது வண்டி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. லோடு தட்டு என் இடுப்பு உயரம். முன்னால் இரண்டு தனித்தனி சீட். பெல்ட் போடாவிட்டால் மணி அடிக்கும். ரிவர்ஸ் போட்டால் பின்னால் இருப்பது சின்னத் திரையில் தெரியும், கூடவே கீங் கீங் என்று ஒரு சத்தம். கதவைச் சாத்தினால் வெளியே நடப்பது ஒன்றும் காதில் விழாது. தினமும் கழுவினேன். யாராவது சாய்ந்து நின்றால் எரிந்து விழுந்தேன். தெருப் பெண்களும் துட்டி என்றால் என்னிடம் வருவதை விட்டுவிட்டார்கள். வேன் பேசிக்கொண்டார்கள், இல்லாவிட்டால் பஸ். நிம்மதி என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்தவன்தான் நான்.

ஐப்பசியில் ஒரு முகூர்த்த நாள் காலையில் சேதி வந்தது. மச்சான் மோட்டார் போடப் போன இடத்தில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. மதியத்துக்குமேல் எடுக்கிறார்கள். கல்யாண நாளானதால் தென்காசியில் ஒரு வேன்கூடக் கிடைக்கவில்லை. மதினி என் வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஐந்து பெண்கள்.

"தம்பி, வண்டிய எடு" என்றாள்.

"மதினி, பின்னால ஆள் ஏத்த முடியாது. திரும்பவும் லைசென்ஸ் போயிரும். நீங்க முன்னால வாங்க. இவங்க பஸ்ல வந்துரட்டும்."

"நான் மட்டுமா?"

"அவசரத்துக்குத்தான மதினி. ஒரு மணி நேரம் முன்னப் பின்ன எல்லாரும் வந்துருவாங்க."

"எங்கம்மா வீட்டு வாசல்ல நான் நாதியத்தவளா போய் எறங்கவா? புருசன்தான் இல்ல, தெருவுமா இல்லைன்னு கேப்பாங்களே, தம்பி."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். மதினி இன்னொரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எடுத்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் திரும்பி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள், ஐந்து பேரும் கூட நடந்தார்கள். நான் மாலையை வாங்கி லோடு தட்டில் வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். வழியில் அவர்கள் ஏறியிருந்த பஸ்ஸை முந்தினேன். அன்றைக்கு ஆலங்குளம் வரை ஒரு போலீஸ்காரரைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்த ஊர்த் தெரு குறுகல். பந்தல் போட்டிருந்தார்கள். வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் போட்டேன், கீங் கீங் என்று அடித்தது. துட்டி வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கேயும் உரசிவிடக் கூடாதே என்று திரையையே பார்த்துக்கொண்டு, தள்ளிப் போய் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். "உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். "மதினி வந்துரட்டும், சேந்தே வாரோம்" என்றேன். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகத்தான் மாலையோடு உள்ளே போவது. அதுதான் மரியாதை. வாசலில் நின்ற இடத்திலிருந்து எனக்குப் பாதம் மட்டும் தெரிந்தது. இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

போன் அடித்தது. பஸ் ரோட்டு வேலையில் மாட்டி நின்று, இப்போதுதான் ஆலங்குளம் வந்திருக்கிறார்களாம். அங்கிருந்து கிராமத்துக்கு டவுன் பஸ் இன்னும் வரவில்லை. மேற்கே மழை கருத்துக்கொண்டு வந்தது. பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். அரை மணி நேரம் கேட்டேன், கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டேன், அதையும் கொடுத்தார்கள். அதற்குமேல் மழையை யார் நிறுத்துவது? மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கிற நேரமாவது மிச்சமாகட்டும் என்று, வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். காத்து நிற்கும்போது ஊருக்குள் வேட்டுச் சத்தம் கேட்டது.

பஸ் வந்தது. பின்கதவை இறக்கினேன். ஆமாம், ஏற்றினேன். ஆறு பேரையும் ஏற்றினேன். இடுப்பு உயரத்துக்கு மதினியால் ஏற முடியவில்லை. நான் குனிந்து முழங்காலை மடக்கிக் கொடுத்தேன். அதில் மிதித்து ஏறினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சுடுகாடு அந்தப் பக்கம், பெண்கள் போவதில்லை. மதினி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. கூட வந்தவர்கள்தான் அழுதார்கள். நான் கொண்டுவந்த மாலை வண்டியிலேயே கிடந்தது.

திரும்பும்போது மற்ற ஐந்து பேரும் பஸ்ஸுக்குப் போய்விட, மதினி முன் சீட்டில் வந்தாள். இப்போது யார் எதற்குப் பார்க்கப் போகிறார்கள்? பெல்ட் போடாததால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. நான் வண்டியை நிறுத்தி, குறுக்கே கையை நீட்டி மாட்டிவிட்டேன். ஆலங்குளம் தாண்டியதும் கேட்டாள்.

"நீ முன்னாலயே போயிட்டியே தம்பி. பாத்தியா?"

"பாத்தேன் மதினி."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

"எப்படி இருந்தான்?"

"தூங்குத மாதிரி இருந்தாரு."

அவள் தலையை ஆட்டினாள். அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி கேட்பாள். கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், திடீரென்று, "கண்ணு நல்லா மூடியிருந்துச்சா?" என்பாள். மூடியிருந்தது என்பேன். "சவரம் பண்ணியிருந்தாங்களா?" பண்ணியிருந்தார்கள். "தலை சீவியிருந்துச்சா?" சீவியிருந்தது, நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொரு தடவையும் ஒன்று சேர்த்தேன். நான் பார்க்காத ஒரு முகத்தை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து அவள் கையில் கொடுத்தேன். எனக்கே சில நாள் அந்த முகம் தெரிய ஆரம்பித்தது. ஒரு பொம்பளையிடம் போய் இப்படிப் புளுகுகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். அடுத்த தடவை கேட்டால் மறுபடியும் சொல்வேன்.

வருஷத் திவசத்துக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். திவசத்துக்குத் தனியாகப் போகலாம், முன் சீட்டிலேயே போகலாம். சாப்பாடு முடிந்து பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கை கழுவிவிட்டு நிலைப்படியில் நின்றேன். மச்சானின் மனைவி மதினியிடம் சொன்னாள்: "அன்னைக்கு ஒங்க கொழுந்தனார எத்தன தடவ உள்ள கூப்பிட்டோம் தெரியுமா? நீங்க வந்தாத்தான் வருவேன்னு வாசல்லயே நின்னாரு, பாவம். கடைசில அவரும் மொகத்தப் பாக்கல."

மதினி என் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்படியா" என்றாள்.

திரும்பி வரும்போது பெல்ட்டை அவளே மாட்டிக்கொண்டாள். ஆலங்குளம் போயிற்று, பாவூர்சத்திரம் போயிற்று. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்து வாயெடுத்து அடக்கினேன். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்ததால் வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"எப்படி இருந்தான் தம்பி?" என்றாள்.

"மதினி, நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு வேற மொகம் இல்லலே," என்றாள். "எப்பவும் சொல்லுவியே, அதையே சொல்லு."

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னேன். தூங்குகிற மாதிரி இருந்தார், கண் நன்றாக மூடியிருந்தது, சவரம் பண்ணியிருந்தார்கள், தலை சீவியிருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதையாவது விட்டுவிட்டால், "திருநீறு?" என்று அவள் எடுத்துக் கொடுத்தாள்.