தண்ணீர் வந்துவிட்டது, டீச்சர்!

இன்று மகளை எல்கேஜியில் சேர்க்கப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன்.

"பாத்ரூம் அகேலே ஜா லேதி ஹை?" என்று இந்தியில் கேட்டார் டீச்சர். தனியாகப் போகத் தெரியாத பிள்ளையை அடுத்த வருஷம் கொண்டுவரச் சொல்லிவிடுவார்கள்.

"பில்குல், மேடம்!" என்றேன். ஜட்டியை இறக்குவது, கழுவிக்கொள்வது, மக்கில் மொண்டு ஊற்றுவது, கை கழுவுவது எல்லாம் கோடை முழுக்க நான் பழக்கியது.

சொல்லி வைத்தாற்போல் அவளுக்கு அப்போதே பாத்ரூம் வந்துவிட்டது.

"நானே போறேன்ப்பா. நீ வராத."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

நேரம் போனது, ஆள் வரவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும் ஓயவே இல்லை. டீச்சர் முகம் மாறியது. கதவைத் தள்ளினோம்.

போன காரியத்தைச் சுத்தமாக முடித்திருந்தாள். கை கழுவக் குழாயைத் திறந்ததில்தான் வந்தது வினை. மின்னி பே என்ற எங்கள் பகுதியில், வீட்டுக் குழாயில் கோடையில் என்றைக்காவதுதான் தண்ணீர் வரும். வந்தால் வீடே பாத்திரத்தோடு ஓடும். இங்கே வாளி, மக், குப்பைக்கூடை வரை நிரப்பிவிட்டு, தன் வாட்டர் பாட்டிலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தண்ணி வந்திருச்சு! ஓடிப்போயி டிரம்ம எடுத்துட்டு வா!"

டீச்சர் சிரித்து முடித்துவிட்டு, "அட்மிஷன் பக்கா" என்றார்.

பாத்ரூம் போகப் பழக்கியாயிற்று. குழாயில் தண்ணீரைக் கண்டால் பதறாமலிருக்க எப்படிப் பழக்குவது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அப்புறம் வந்து படிக்கிறேன். எங்கள் குழாயில் இப்போதுதான் சத்தம் கேட்கிறது.