முப்பத்தொரு மீட்டரில் இரைச்சல்

பக்கத்து வீட்டுப் பெண் செய்தி கேட்க முடியாதபடி நான் தெரிந்தே செய்தேன். அவள் கணவன் குவைத்தில் சிக்கியிருந்தான். அவன் உயிரோடு இருக்கிறானா என்று அறிய அவளுக்கு வானொலியைத் தவிர வேறு வழியில்லாத நேரம் அது.

பட்டாபிராமில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன்களில் குடியிருந்தோம். நடுவில் ஒரு சுவர். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மின் இணைப்பு. நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் மின்பிரிவில் பொறியாளர். அவள் கணவன் அங்கேயே ஒப்பந்த வெல்டர். குவைத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவருமே விண்ணப்பித்தோம். அவர்களுக்கு வெல்டர்தான் வேண்டியிருந்தது. அவன் போனான். அடுத்த வருடம் அந்த வீட்டுக்கு ஒரு ஜப்பான் டூ-இன்-ஒன், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி, வந்தது. அதன் பாட்டு சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. தபால், போன் எல்லாம் நின்றன. மாலையில் ஒரு வெளிநாட்டு நிலையம் சிற்றலையில் அரை மணி நேரம் தமிழில் பேசும். பாலைவனம் தாண்டி ஜோர்டானுக்கு வந்து சேர்ந்தவர்கள், விமானம் ஏறியவர்கள் பற்றியெல்லாம் அதில் விவரமாகச் சொல்வார்கள். அவள் ரேடியோ முள்ளை முப்பத்தொரு மீட்டர் அலைவரிசையில் வைத்துக் காத்திருப்பாள். நானும் அந்த நேரத்தில்தான் வேலையிலிருந்து வந்து விசிறியைப் போடுவேன்.

அந்தக் கோடையில் புதிதாக ஒரு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாட்டியிருந்தேன். விசிறியை மெதுவாகச் சுற்றவைக்க அது மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன ஒலிபரப்பு மாதிரிதான். கம்பி வழியே போய் எல்லா அலைவரிசையிலும் இரைச்சலாகப் பரவும். தெருவில் வேறு யாரும் கவனிக்கவில்லை. மத்திய அலையில் பேசும் உள்ளூர் நிலையத்தின் கோபுரம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன் குரலுக்கு முன் என் ரெகுலேட்டர் எம்மாத்திரம்? கடல் கடந்து, வலுவிழந்து வரும் சிற்றலைதான் அதில் மூழ்கியது. எங்கள் தெருவில் அதைத் தேடியவள் அவள் ஒருத்திதான்.

ஒரு மாலை என்னைக் கூப்பிட்டாள். "இன்னான்னு பாருங்க சார். நல்லாத்தான் பாடிகினு இருந்துச்சு. நியூஸ் வர்ற நேரமா பாத்து கொர்ருனு கீது."

கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய் விசிறியை நிறுத்தியிருந்தால் போதும், அரை மணி நேரம் வியர்த்திருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது வேறு. போர்க்காலம், வேண்டுமென்றே அலைகளைத் தடுக்கிறார்கள். சூரியனில் புள்ளிகளும் அதிகம், சிற்றலை இப்போது இப்படித்தான் இருக்கும் என்றேன். இருபத்தைந்து மீட்டரில் பாருங்கள், நாற்பத்தொன்றில் பாருங்கள் என்று யோசனையும் கொடுத்தேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும், சுவருக்கு அப்பால் அவள் முள்ளை நகர்த்தி நகர்த்தித் தேடுவது எனக்குக் கேட்கும். நான் விசிறிக்குக் கீழே படுத்திருப்பேன்.

ரேடியோவை ஆவடியில் ஒரு கடைக்கு எடுத்துப் போனாள். அங்கே மணி மணியாகப் பேசியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி இரைச்சல். துணைக்கு வந்து தங்கியிருந்த மாமியார் முடிவு கட்டிவிட்டாள். பெட்டியில் குறையில்லை, இவள் கையில்தான் குறை. இவள் ராசிதான் மகனை அங்கே மாட்டவைத்திருக்கிறது. அதன் பிறகு மருமகளை ரேடியோவைத் தொடவே விடவில்லை. இதையும் நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபரில் அவன் வந்து சேர்ந்தான். தகவல் ஏதுமில்லாமல், ஒரே ஒரு பையோடு, அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்து. அன்று மாலையே அந்த ரெகுலேட்டரைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, மின்சாரத்தை வெட்டாத பழைய கனத்த ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டினேன். அதைப் பரிகாரம் என்று நினைத்தேன். அவர்கள் ரேடியோ தெளிவாகப் பேசியது. மகன் காலடி வைத்ததும் பெட்டிக்கு வாய் வந்துவிட்டது, இத்தனை நாள் ஊமையாக்கி வைத்திருந்தது யார் என்று இப்போது தெரிகிறதா என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவந்தாள். சத்தமில்லாமல் நான் செய்த பரிகாரம், அந்தப் பெண்ணின் மேல் விழுந்த பழியை உறுதிப்படுத்திவிட்டது.

அதற்கு மேல் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் பொறாமையையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவன் நம்பாமல் சிரித்தான். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவளுக்காவ பொய் சொல்றே நைனா. படிச்ச புள்ள, நல்ல மனசு."

நிரூபித்துக் காட்டுவதற்காகப் புதிதாக ஒரு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வாங்கி மாட்டினேன். விசிறியை மெதுவாக ஓடவிட்டு, அவர்கள் ரேடியோவைப் போடச் சொன்னேன். அந்த மாடலில் இரைச்சலை அடக்க ஒரு சுருள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. செய்தி பிசிறில்லாமல் வந்தது. தாயும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. என்னை நம்பியவள் அவள் மட்டும்தான்.

"அப்பவே தெரியுமா சார்?"

தெரியும் என்றேன்.

"என் கைதான்னு நானே நம்பிட்டேன் சார்" என்றாள். ரேடியோவை அணைக்கக் கை நீட்டியவள் பாதியில் நிறுத்திக்கொண்டு, அதை அணைக்கும்படி கணவனிடம் சொன்னாள்.

தை மாதம் அவர்கள் திருநின்றவூருக்குக் குடிபோனார்கள். சாமான் வண்டியில் அவள் பாத்திர மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரேடியோ மாமியாரின் மடியில் இருந்தது.