ஹெட் கிளார்க்கின் துண்டு

கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, ஆனால் தொட்டதற்கெல்லாம் கண்ணீர். காலனியில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு மாற்றல் வந்தாலும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தோடு ஹவுராவுக்கு வழியனுப்ப வந்துவிடுவார். ரயில் நகர்ந்ததும் அழுவார். கைக்குட்டை போதாதென்று தோளில் கிடக்கும் துண்டையும் எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். போர்ட்டர்கள் அவருக்குக் 'காந்துனே பாபு', அதாவது அழுமூஞ்சி பாபு என்று பெயரே வைத்திருந்தார்கள். மரியாதைக்காக வழியனுப்பப் போகும் எனக்கு இந்தக் கூத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

ஒருமுறை ரயில் போனபின் பிளாட்பாரத்தில் டீ குடிக்கும்போது கேட்டே விட்டேன்.

"மூணு வருஷத்துல மூட்டை கட்டறவங்ககிட்ட எதுக்கு சார் இப்படி ஒட்டிக்கிறீங்க?"

"பிரியும்போது வலிக்கும்னு தெரியும் சார். அதுக்காக மூணு வருஷம் யாரோடயும் ஒட்டாம எப்படி இருக்கறது?"

"ஏன், நான் இல்லையா?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கே அவரை அறைந்திருக்கலாம்.

அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. தனிக்கட்டையான என்னை வழியனுப்ப அவர் ஒருவர்தான் வந்தார். ஊர் பார்க்க அழுது என் மானத்தை வாங்கப்போகிறாரே என்று கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். இட்லிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

"ஜாக்கிரதையாப் போயிட்டு வாங்க சார்."

ரயில் நகர்ந்தது. ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, பிளாட்பாரம் மறையும்வரை அவரையே பார்த்தேன். துண்டு தோளைவிட்டு இறங்கவேயில்லை.