பின்வரிசையில் நின்ற சிப்பாய்

மீசை ஒட்டும் பசைக்கு டிஞ்சரும் குங்கிலியமும் கலந்தாற்போல ஒரு வாசனை உண்டு. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, குளித்து முடித்த பிறகும் அது அம்மாவை விட்டுப் போகாது, அவள் பக்கத்தில் படுத்தால் என் மூக்கில் ஏறும். எனக்குப் பத்து வயதான அந்தக் கோடை விடுமுறையில், கோட்டையூரில் எங்கள் தெருவுக்கு அடுத்திருந்த பெரிய வீட்டைப் பிடித்து ‘கம்பெனிக்காரக’ ஒரு போர்ப்படம் எடுத்தார்கள். அண்ணனுக்குப் பதிலாக ஆண் வேடமிட்டுப் படையில் சேரும் ஒரு பெண்ணின் கதை. பாவம், கையில் காசில்லாத கம்பெனி. இருந்த ஒரே குதிரையை இங்குட்டும் அங்குட்டும் ஓடவிட்டுக் குதிரைப்படை என்றார்கள்.

மதுரையிலிருந்து சிப்பாய்களாக வர வேண்டிய ஆட்கள் வராமல் போகவே, பின்வரிசைக்கு எங்கள் தெருப் பெண்களைப் பிடித்தார்கள். தலைப்பாகையும் மீசையும் வைத்துவிட்டால் எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்பது மேனேஜரின் தைரியம். கதைப்படி அந்தப் படையில் ஒரே ஒரு பெண்தான். உண்மையில் கதாநாயகியைச் சேர்க்காமலே பதினேழு பேர். அதில் என் அம்மாவும் ஒருத்தி.

அப்பா சிங்கப்பூரில் தச்சு வேலையில் இருந்ததால் வீட்டுக்குப் பெரியவர் அவருடைய அண்ணன், என் பெரியப்பா. படத்துக்கு மரவாள்கள் செய்து கொடுத்தவரும் அவரே. ஆனால், “நம்ம வீட்டுப் பொம்பளைக அங்குட்டு எட்டிப் பாக்கக் கூடாது” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. அவர் தலை தெரிந்தால் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ‘மறைஞ்சு’ நிற்பாள்; ‘உங்கம்மாட்டச் சொல்லு’, ‘பெரியப்பாட்டக் கேளு’ என்று இருவருக்கும் நடுவே தூது நான்தான்.

அம்மாவோ, பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷத்துக்குத் தேர்வாகி, ஒத்திகையெல்லாம் முடிந்த பிறகு, பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று வீட்டில் உட்காரவைக்கப்பட்டவள். அன்று வேறொருத்தி கிரீடம் வைத்து நின்றாளாம். இந்த முறை யாரிடமும் கேட்டு ஏமாற அவள் தயாராக இல்லை. பிள்ளையார்பட்டிக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் படைக்குப் போனாள். நானும் அதற்கு உடந்தை.

மூன்றாம் நாள், படைத்தலைவராக நடித்தவர் வரிசையைச் சுற்றி வந்து, உங்களுக்குள் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள் என்று முழங்கும் காட்சி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்தா, எண்ணிக்கையில் குறைந்திருந்த வாள்களைக் கட்டாகத் தோளில் சுமந்துகொண்டு பெரியப்பா முற்றத்துக்குள் நுழைய வேண்டும்? அவரைக் கண்டதும் பின்வரிசைச் சிப்பாய் ஒருவர் சட்டெனத் தூணோரம் ஒதுங்கி, தோளில் இல்லாத முந்தானையைத் தேடினார். அந்தத் தூணோரத்து ஆளை வெளியே அனுப்பு என்று டைரக்டர் கத்தினார். கேமராவுக்குப் பின்னால் பிள்ளைகளோடு நின்ற நான், முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கட்டை இறக்கி வைத்தார். நேரே அம்மாவிடம் போனார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“என்னப்பா, வாளைத் தொங்க விட்டிருக்க? நிமிந்து நில்லு.”

அம்மா நிமிர்ந்தாள். அவர் டைரக்டரிடம் திரும்பி, “நல்ல ஆளுதான், நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆணாகப் பாவித்துப் பேசியது அன்றோடு சரி. வீட்டில் பழையபடி தூதுதான், அவர் காலம் முடியும்வரை. ஆனால் மறுநாள் காலையில் அவர் கொடுத்தனுப்பிய தூது, வாளுக்குப் பிடி மாற்றியிருக்கிறேன், இனிக் கை நோகாது என்று உங்கம்மாவிடம் சொல் என்பது. அடுப்படியில் அம்மா சந்தோஷம் தாங்காமல் அழுதாள். மிச்ச நாளெல்லாம் பொய் சொல்லாமல், வாசல் வழியாகவே படப்பிடிப்புக்குப் போனாள்.

படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அந்தப் பெரிய வீடு இப்போது ஹோட்டல். மரவாள்கள் எந்த அடுப்பில் எரிந்தனவோ. பெரியப்பாவும் இல்லை. மறைந்து நிற்கிற பழக்கமும் ஒழிந்தது. அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. போன மாதம் யாரோ அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றியிருப்பதைக் கண்டு, அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். ஃபிலிமை வீணாக்க மனமில்லாத கம்பெனி அந்தத் துண்டையும் சேர்த்திருந்தது. ஒரு சிப்பாய் ஒதுங்குகிறார், தோளைத் தடவுகிறார், வெளியே யாரையோ பார்க்கிறார். அடுத்த காட்சி வந்துவிடுகிறது. அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். நாலாவது தடவை முடிந்ததும் போனை என் கையில் கொடுத்தாள்.

“இதுக்கப்புறந்தான அவுக எங்கிட்டப் பேசுனாக. அதுக்குள்ள வெட்டிப்புட்டாகளே.”