அக்கா பொருள் கேட்டு வந்த சொல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தங்கையாகிய நான் ஒப்படைக்கிறேன்.

திருப்பத்தூர் அருகே ஒரு கூலி விவசாயிக் குடும்பத்தில் அக்கா பிறந்தார். அப்பா தவறியதும், பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். எனக்குத் திருமணம் முடித்து, அங்கேயே வேலையும் வாங்கித் தந்தார். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், ஞாயிறுதோறும் வேலூருக்குப் பஸ் ஏறி, அஞ்சல் வழியில் ஆங்கிலப் பட்டம் படித்தார்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் பால் கட்டிக் காய்ச்சலோடு மெஷினில் உட்கார்ந்திருந்தேன். பொறுக்க மாட்டாமல் அக்கா மேலாளரிடம் போய், கம்பெனிக்குள் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று கேட்டார்.

"இது ஆப்பர்ச்சூன் டைம் இல்லம்மா. ஆர்டர் கம்மியா இருக்கு. நேரம் வரட்டும், பாக்கலாம்," என்றார் அவர்.

அந்தச் சொல் அக்காவை உறுத்தியது. ஞாயிறு வகுப்பில் ஆசிரியையிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"லத்தீன்லருந்து வந்த சொல்லாம்டி. ஒப்போர்த்தூனுஸ். போர்த்துஸ்னா துறைமுகம், ஒப்னா அதை நோக்கி. கப்பலைத் துறைமுகத்துப் பக்கம் தள்ற காத்தை அப்படிச் சொன்னாங்களாம். அப்புறம்தான் தக்க நேரத்துல வர்றதுக்கெல்லாம் அந்தப் பேரு ஆச்சாம்."

"அதுக்கு இன்னாக்கா இப்போ?"

"காத்து அடிக்கிறப்போ கப்பல்காரன் தூங்கிட்டா? நாம ரெடியா இருக்கணும்."

கேட்க வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினார். சில மாதங்களில், ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்வையிட வந்தார்கள். அக்காவின் மெஷின் அருகே நின்று தையலைப் பாராட்டினார்கள். அக்கா எழுந்து நின்றார். "இங்கே தைக்கும் பெண்களின் குழந்தைகளுக்கு இடமில்லை. கம்பெனியிடம் நீங்களும் கேளுங்கள்," என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்.

அவர்கள் போனதும் மேலாளர் வந்தார். "இன்னாம்மா, மானத்தை வாங்கிட்டியே."

"உங்ககிட்டதான் சார் முதல்ல கேட்டோம்."

மறுநாளே அக்காவைப் பசை பூசும் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த நெடியில் தலைவலியோடு வீடு திரும்புவார், வேலையை விடவில்லை. அந்த ஆண்டு மழைக்காலத்துக்குள் பழைய குடோனுக்கு வெள்ளையடித்துத் தொட்டில்கள் கட்டினார்கள். என் மகள் அங்கே தூங்குவதை அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

பின்னாளில் புற்றுநோயோடு வேலூர் மருத்துவமனையில் கிடந்தபோதும், "கம்பெனியோட ரெண்டாவது யூனிட்ல தொட்டில் கட்டிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"அப்ப நீ கேளு," என்றார்.

மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த தையல் பிரிவுத் தோழியருக்கும், எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த பக்கத்து வீட்டு பரீதா ஆபாவுக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன் மேலாளர் அறைக்குப் போகிறேன். இரண்டாவது யூனிட் பெண்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.