நான்கு பிரதம அதிதிகள்

மகனின் இருமலுக்கு மருந்து கேட்கப் போன இடத்தில், டாக்டரம்மா எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி விசாரித்தார். பேர்மிங்ஹாமுக்கு நான் வந்து ஐந்து மாதம்தான். “எனி மோல்ட் அட் ஹோம்?” என்றார். பூஞ்சணத்தைக் கேட்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓல்ட் என்று காதில் விழுந்தது. “நோ ஓல்ட். மாமியார் பசறையில் இருக்கிறார்” என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு மகன் எங்கே தூங்குகிறான், ஜன்னல் திறக்குமா, எனக்கு என்ன வேலை என்றெல்லாம் கேட்டார். இருமலுக்கு இத்தனை கேள்வியா என்று பயந்து, எல்லாம் வெரி குட் என்றேன்.

இலங்கையில், பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதற்கு நேர்மாறு. அவரவர் தன் வேலையை மட்டுமே பார்ப்பார்கள். பக்கத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்று புஷ்பம் அக்காவுடையது. அதற்குத் தண்ணீர், பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலியிலிருந்துதான் வரவேண்டும். அங்கே தண்ணீருக்கு நின்ற மகள் நித்யாவுக்குப் பள்ளிக்கூடம் தவறியது. வேலைக்குப் பெயர் பதியும் காலைப் பெரட்டுக்கு அக்கா பிந்திப் போனதால் அரைப் பேர், அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. சின்னவனுக்கு ஓயாத வயிற்றோட்டம். புருஷன் குடித்துவிட்டு வந்து, வீட்டில் நிம்மதியில்லை என்று சண்டை பிடிப்பார். பிள்ளையை ஒழுங்காக அனுப்புங்கோ என்றார் பள்ளிக்கூடத்தின் யாழ்ப்பாணத்து அதிபர். தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னார் மிட்வைஃப். நேரத்துக்கு வேலைக்கு வரச் சொன்னார் தோட்டத்துத் தொரை. பொலிஸ் சார்ஜன், புருஷனுக்குப் புத்தி சொன்னார். நால்வரும் சொன்னது சரிதான். நாலையும் செய்ய, வாசலில் தண்ணீர் இருந்திருக்க வேண்டும். அது தன் வேலையில்லை என்று நால்வருமே சொல்லிவிட்டார்கள்.

அந்த வருஷத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அக்கா நால்வரையும் தனித்தனியே அழைத்தார். ஒவ்வொருவரிடமும், நீங்கள்தான் பிரதம அதிதி என்றார். நால்வரும் சலவைச் சட்டையும் சேலையுமாக வந்து சேர்ந்தார்கள். மாலை ஒன்றுதான் இருந்தது. அதை யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் பூசாரி சாமிக்கே போட்டுவிட்டார். விருந்தாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சார்ஜன் ஒரு தேத்தண்ணி கேட்டார்.

“தண்ணிக்கு நித்யா போயிருக்கு சார். முக்கா மணி நேரத்துல வந்துரும்” என்றார் அக்கா.

முக்கால் மணி நேரமும் நால்வருக்கும் பேசுவதைத் தவிர வேறு வேலையில்லை. “அந்தப் பிள்ளை வகுப்புக்கு வாறேல்லை” என்றார் அதிபர். அதன் தாய்தான் பிந்தி வருகிறவள் என்றார் தொரை. சின்னவனின் வயிற்றோட்டத்தைச் சொன்னார் மிட்வைஃப். தகப்பனைத் தெரியும் என்றார் சார்ஜன். நால்வரும் ஒரே வீட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது தேநீர் வருமுன்பே விளங்கிவிட்டது.

நால்வரும் சேர்ந்து முயன்றதில், அடுத்த மழைக்கு முன் மேல் ஊற்றிலிருந்து லயத்துக்குக் குழாய் வந்தது. குழாயைத் தோட்ட நிர்வாகம் தந்தது. அதைப் பதிக்கக் கான் வெட்டியவர்களில் புஷ்பம் அக்காவின் புருஷனும் ஒருவர். நித்யா படித்தாள். சின்னவன் தேறினான். குடி நிற்கவில்லை, சனிக்கிழமைக்குச் சுருங்கியது.

இங்கே என் ‘வெரி குட்’டை டாக்டரம்மா நம்பவில்லை. நகரசபைக்குக் கடிதம் எழுதி, ஆட்களை வரவழைத்து, பூஞ்சணம் பிடித்த சுவரைச் சரிசெய்யவைத்தார். மகன் இருமாமல் தூங்குகிறான். அக்காவிடம் போனில் சொன்னேன். “நாலு பேரக் கூப்புடாமலே செஞ்சாங்களா?” என்றார். அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

போன வாரம் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் ஒரு ஃபோம் தந்தார்கள். அவசரத்துக்கு உடனே வரக்கூடியவர் யார் என்று கேட்டிருந்தது. யோசிக்காமல் புஷ்பம் என்று எழுதினேன். எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேட்டாள் கவுண்டர் பெண். பிளேனையும் பதுளை பஸ்ஸையும் கணக்குப் பார்த்தேன். பெயரை அடிக்க மனம் வரவில்லை. அதன் கீழே பக்கத்து வீட்டுக் கதவிலக்கத்தை எழுதினேன். அங்கே இருப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது.